பதினெட்டு அளவுகள்

ஜூன் 3

குட்டியின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் குட்டியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று ஞாயிறுதோறும் இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறீர்கள். கேமரா உடைந்துவிட்டது என்று சொல்லி நாலு மாசம் ஆகிறது. அதைச் சரிசெய்ய அங்கே ஒரு கடைகூடவா இல்லை? சரி, சண்டை போட இதை எழுதவில்லை. உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்குத் தபால்தான் வழி.

என் தையல் பயிற்சி முடிய இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. தையல் என்றால் டீச்சருக்குக் கோபம் வரும், “ஆடை வடிவமைப்பும் தயாரிப்பும்” என்று முழுசாகச் சொல்ல வேண்டுமாம். டீச்சர் என்னைவிட எட்டு வயசு சின்னவர். அவர் என்னை அக்கா என்கிறார், நான் அவரை டீச்சர் என்கிறேன், யார் யாருக்குப் பயப்படுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நாற்காலி கொடுத்தாள், பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா என்று நினைத்து. இப்போது அதே பெண் காலர் சரியாக உட்காரவில்லை என்றால் என் மேசைக்குத்தான் ஓடி வருகிறாள். ஓவர்லாக் மெஷினோடுதான் எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. ஓரத்தைத் தைக்கக் கொடுத்தால் பாதித் துணியைத் தின்றுவிடுகிறது.

விஷயம் இதுதான். கடைசித் தேர்வுக்கு ஒரு முழுக்கைச் சட்டை. நிஜமான ஓர் ஆளுக்கு அளவெடுத்து, பேட்டர்ன் வரைந்து, வெட்டி, தைத்து முடிக்க வேண்டும். தேர்வு நாளில் அந்த ஆள் வந்து போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் தம்பி, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பிடித்துவிட்டார்கள். நான் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். தேர்வு ஜூலை 28. ஜூலையில் லீவு நிச்சயம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மார்ச்சில் தள்ளினீர்கள், மே மாதமும் தள்ளினீர்கள். இந்தத் தடவை தள்ளினால் எனக்குச் சான்றிதழும் போகும், மானமும் போகும்.

படிவம் இணைத்திருக்கிறேன். பதினெட்டு இடத்தில் அளவெடுக்க வேண்டும், கீழே “உடுத்துபவர்” என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கை, தோள் எல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுங்கள். யாருக்குமே இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது என்று டீச்சர் சொல்கிறார், நானும் முப்பது பேரை அளந்து பார்த்துவிட்டேன், உண்மைதான். உங்கள் அறையில் இருக்கும் ரேடியோ அண்ணனை எடுக்கச் சொல்லுங்கள். வாய் மூடாமல் பேசிக்கொண்டே எடுப்பார், எண்ணை மட்டும் தப்பாக எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் நம் பேச்சுக்கு நடுவே போனைப் பிடுங்கி அவர் பத்து நிமிஷம் பேசுவார். இப்போது அவர் குரலே கேட்பதில்லை. அவரோடு ஏதாவது மனஸ்தாபமா?

துணி வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம், மெல்லிய கோடு. சீக்கிரம் அனுப்புங்கள், துணி மேசையில் கிடந்து என்னையே பார்க்கிறது.

உங்கள் வருகையையும் அதற்கு முன்னால் உங்கள் அளவுகளையும் எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி

ஜூன் 24

குட்டியின் அப்பாவுக்கு,

படிவம் வந்தது. கூட ஒரு வரி இல்லை. போகட்டும்.

முந்தாநாள் அதை டீச்சரிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு, “அக்கா, இது ஆளோட அளவு இல்ல, சட்டையோட அளவு” என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் தெரியும், தெரிந்தும் காட்டினேன். எந்த மனுஷனுக்கு மணிக்கட்டுச் சுற்றளவு ஒன்பது இஞ்சு இருக்கும்? அது சட்டையின் கஃப். நெஞ்சு நாற்பத்து நாலு என்றால் உங்கள் நாற்பதோடு லூஸுக்கு விட்ட நாலும் சேர்ந்தது. இரண்டு தோளும் ஒன்று, இரண்டு கையும் ஒன்று, கால் இஞ்சுகூட வித்தியாசம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தேன். போன முறை வந்தபோது ஒரே மாதிரி இரண்டு நீலச் சட்டை வாங்கினோமே, ஒன்றை எடுத்துப் போனீர்கள், ஒன்று இங்கே இருக்கிறது. அதைக் கட்டிலில் விரித்து அளந்தேன். பதினெட்டு எண்ணும் அப்படியே வந்தன. ஆக, நீங்கள் நிற்கவில்லை, சட்டையைப் படுக்கப் போட்டு ரேடியோ அண்ணன் டேப்பை வைத்திருக்கிறார். எண்களும் அவர் கையெழுத்துதான். ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் நிற்க உங்களுக்கு என்ன வந்தது?

கையெழுத்தாவது உங்களுடையதா என்று பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டது போலக் கோணல். குட்டியிடம் காட்டினேன். அப்பா பஸ்ஸில் உட்கார்ந்து போட்டிருப்பார் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு சமையலறைக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

இரண்டு நாளாக எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழுத் தையலும் போட்டுவிட்டேன், துணியில் வெறும் ஓட்டைதான் மிச்சம். மனசு எங்கெங்கோ போகிறது. இளைத்துவிட்டாரோ, அதைக் காட்டப் பிடிக்கவில்லையோ? ஏதாவது வியாதியோ? வேலை போய்விட்டதோ, அட்டைப்பெட்டி ஃபாக்டரியிலேயே இல்லையோ? வேறு எவளாவது உங்களுக்கு அளவெடுத்துத் தைத்துப் போடுகிறாளோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், நினைக்க வைத்தது நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். அண்ணன் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். எந்த எண் வந்தாலும் எனக்குப் பரவாயில்லை. தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோபத்தோடும் அதைவிடப் பெரிய பயத்தோடும்,
உங்கள் மனைவி

ஜூலை 14

என் அன்பானவருக்கு,

திங்கட்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது தபால் வந்தது. பஸ்ஸில் பிரிக்க மனசு வரவில்லை. என் மேசையில் உட்கார்ந்துதான் பிரித்தேன்.

கை நீளம், இடது: இருபத்து நாலரை. கை நீளம், வலது: பதினொன்று. மணிக்கட்டு, வலது: ஒரு கோடு.

அதை எப்படியெல்லாமோ படித்துப் பார்த்தேன். டீச்சர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “தப்பா எழுதிட்டாங்க அக்கா, அதையும் இருபத்து நாலரைன்னே போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நான் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தேன். மூன்று தடவை அடித்தது, எடுக்கவில்லை. ரேடியோ அண்ணனுக்குச் செய்தேன். என் குரல் கேட்டதும் அவர் அழுதுவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பிப்ரவரியில் அட்டை வெட்டும் மெஷினில் நடந்தது, முழங்கைக்கு மேலே எடுத்தது, மூன்று வாரம் ஆஸ்பத்திரி, இப்போது கட்டுகளை எண்ணும் மேசையில் உட்கார வைத்திருப்பது. வீட்டுக்குச் சொன்னால் அறையை விட்டே போய்விடுவேன் என்று நீங்கள் அவரிடம் சத்தியம் வாங்கியது. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதேம்மா என்று கெஞ்சினார். இதோ சொல்லிவிட்டேன், அவரைத் திட்டாதீர்கள். அந்த மனுஷன் ஐந்து மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே பெரிய தண்டனை.

எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கை போனதற்கு அழுதேன். ஆனால் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நீங்கள் படுத்திருந்தபோது நான் இங்கே பட்டனுக்குக் காஜா தைக்கப் பழகிக்கொண்டு, நன்றாக வருகிறது என்று உங்களிடம் போனில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நீங்களும் ‘சபாஷ்’ என்றீர்கள். அதை நினைத்தால்தான் ஆறவில்லை. உங்களோடு பிறகு வைத்துக்கொள்கிறேன்.

குட்டியிடம் மறைக்கவில்லை. கேட்டதும் அவள் நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் பட்டன் போட ஆரம்பித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பட்டனுக்கு ஆறு நிமிஷம். கழுத்துப் பட்டன் கடைசி வரை விழவில்லை. இடது கஃப் போடவே முடியாது, அதைப் போட வலது கைதான் வேண்டும். இத்தனை மாசம் சட்டை தைக்கப் படித்திருக்கிறேன், இது என் மூளைக்கு எட்டியதே இல்லை. இவ்வளவு நாள் தினமும் காலையில் எப்படிச் சமாளித்தீர்கள்? அண்ணன் போட்டுவிட்டாரா?

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன், அந்த எண் தப்பு இல்லை என்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வெளியே வாயைத் திறந்து நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் கத்தரியை எடுத்தேன். சட்டையின் வலது கையை முழு நீளத்துக்கு வெட்டி ஊசி குத்தி மடித்துவிடலாம் என்று ஒரு பெண் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. மடித்துக் குத்தினால் யாருடைய சட்டையையோ வாங்கிப் போட்டது போல இருக்கும். பதினொன்றுக்கே வெட்டினேன், ஓரம் உறுத்தாமல் உள்ளே மெல்லிய துணி வைத்து மடித்துத் தைத்தேன். முன்பக்கத்துக்கு, கைப்பைகளில் வைப்பார்களே, அந்தக் காந்தப் பட்டன். மேலே பார்வைக்குச் சாதாரணப் பட்டன்தான் தெரியும். இடது கஃபில் உள்ளே எலாஸ்டிக், கையை நுழைத்தால் போதும். நேற்று குட்டி ஒரு கையால் போட்டுப் பார்த்தாள், முக்கால் நிமிஷம். இந்த மாற்றங்களுக்கெல்லாம் மதிப்பெண் உண்டா என்று டீச்சரைக் கேட்டேன். தேர்வாளரிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

இப்படியே போய் அவள் முன்னால் எப்படி நிற்பேன் என்று நீங்கள் சொன்னதாக அண்ணன் சொன்னார். அதனால்தான் லீவைத் தள்ளித் தள்ளி வைத்தீர்கள் என்றும், ஜூலைக்கும் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றும் சொன்னார். எடுங்கள். குட்டி தினமும் இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறாள். ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம். யாராவது உற்றுப் பார்த்தால் பார்க்கட்டும், நானும் திருப்பிப் பார்ப்பேன்.

உங்களால் வர முடியாவிட்டால் வேறு யாருக்காவது போட்டுக் காட்டலாமே என்று டீச்சர் இன்று கேட்டார். பாவம், எனக்காகத்தான் கேட்டார். இந்த உலகத்தில் இந்தச் சட்டை ஒரே ஒருவருக்குத்தான் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணி. அளவு சரியாக இருக்கிறதா என்று வந்து சொல்லுங்கள்.

வாசலையே பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி