கஷ்டமான பாடம் கேட்ட நங்கைக்கு

நங்கை,

இன்று காலை மொட்டை மாடியில் பழைய பவானி ஜமக்காளத்தைத் துவைத்து விரித்தேன். ஈர நூலின் வாசம் எழுந்தது. மேற்கே மலையிலிருந்து ஆனி மாதத் தூறல் இறங்கி வருவதுபோல, நீங்களும் மெல்ல நினைவில் வந்தீர்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு காங்கேயத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் நீங்கள். நம் பக்கத்து வழக்கப்படி, அண்ணியான உங்களை நங்கை என்றே கூப்பிட்டேன். வயதில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை. நான் பிளஸ் டூ முடித்த அந்தத் தொண்ணூறுகளின் கோடையில், சாயங்காலமானால் இந்த ஜமக்காளத்தில் படுத்து மேகம் பார்ப்போம். எனக்கு இயற்பியல் மேல் ஆசை. ஆசையைவிடப் பயம் பெரிது. கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தேறலாம் என்றார்கள் தோழிகள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்வதுதான் முடிவு.

"எதுவேணா படி அம்மணி. ஒரு பேப்பர் போச்சுன்னாலும் நிறுத்திப்போட்டு மாப்பிள்ளை பார்த்துருவேன்" என்றிருந்தார்.

எதை எடுப்பதென்று நான் தவித்துக் கொண்டிருந்தபோதுதான் நீங்கள் அண்ணனிடம் கேட்டீர்கள்: "நானும் தபால்ல டிகிரி படிக்கட்டுங்களா?"

"தாராளமா படி. சுளுவா ஏதாச்சும் எடுத்துக்க."

"சுளுவான வேலை ஊட்லயே நெறையக் கெடக்குதுங்க. நான் கணக்கு எடுக்கறனுங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கல்லூரியில் இயற்பியல் என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் வருடம் அல்ஜீப்ராவில் உங்களுக்குப் போய்விட்டது. "விடு புள்ள, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்" என்றார் அண்ணன். சில வாரங்களில் என் தேர்வு முடிவும் வந்தது. மின்னியல் தாள் போயிருந்தது. அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே, ஜாதகத்தை எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொன்னார். நீங்கள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தீர்கள்.

"நிறுத்தறதுன்னா மொதல்ல என்னைய நிறுத்துங்க. நானும் பெயிலுதானுங்களே."

"நீ வேற, அவ வேற."

"பெயிலு ஒண்ணுதானுங்களே."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். ஜாதகம் பீரோவைவிட்டு வெளியே வரவில்லை. அதைப் பற்றி அவர் அப்புறம் பேசவும் இல்லை.

அடுத்த தேர்வில் நான் தேறினேன். நீங்கள் மறுபடியும் தவறினீர்கள், அதற்கடுத்த முறைதான் தேறினீர்கள். பட்டம் வாங்கி எந்த வேலைக்கும் போகவில்லை. எதற்கு நங்கை இத்தனை பாடு என்று ஒரு சாயங்காலம் கேட்டேன். மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்:

"வராத கணக்கு முன்னால உக்கார்ந்தா, நான் யாரு ஊட்டு மருமகள்ங்கறதே மறந்து போயிருது கண்ணு. அது நல்லா இருக்குது."

நீங்கள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அண்ணன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். இத்தனை வருடம் கழித்தும் சில கணக்குகள் எனக்கே பிடிபடுவதில்லை. முன்பென்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருப்பேன். இப்போது எழுவதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.