கனத்த அணுவும் நீ மடித்த இலையும்

மாப்ளே,

இன்று காலை பொங்கலூர் நிட்டிங் கம்பெனியில் துணியின் கனம் பார்க்க, ரோலின் ஓரத்தில் அப்பளம் அளவுக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டினார்கள். தராசில் வைத்தால் எத்தனை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டு உள்ளங்கையில் விழுந்ததும் நீ எதிரே வந்து நின்றாய். அத்தனை மிஷின் இரைச்சலில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து ஒடிசா ஆபரேட்டர் "க்யா ஹுவா சேட்?" என்று இந்தியில் என்ன ஆச்சென்று கேட்டான். என்னத்தைச் சொல்ல?

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து நீ முதல் லீவில் வந்தபோது, "மச்சான், உலகத்துல இதுவரைக்கும் இல்லாத கனமான தனிமம் ஒண்ணு செய்யறோம்" என்றாய்.

"எத்தனை ஜிஎஸ்எம் மாப்ளே?" என்றேன். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டேன். திருப்பூரில் பிறந்தவனுக்குக் கனம் என்றால் வேறென்ன? நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

பிறகு பொறுமையாகச் சொன்னாய். கால்சியம் அணுக்கருவைக் கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டி, கனமான இன்னொரு அணுக்கருவின் மேல் மோதவிடுவீர்களாம்.

"வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புல இருக்குமே, அந்தக் கால்சியமா? அதை எறிஞ்சு வெளையாடவாடா அத்தனை தூரம் போனே?"

"ஆமா மச்சான். ரெண்டுக்கும் ஒரே மாதிரி மின்னூட்டம். கிட்டப் போனாலே தள்ளிக்கும். ஒட்டுனாப்பல இருக்கும், பிச்சுக்கிட்டுப் போயிரும். கோடிக் கோடியா அடிச்சா எப்பவாச்சும் ஒண்ணு ஒட்டும். அதுவும் கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள உடைஞ்சிரும்."

"அப்பறம் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அதுலிருந்து துண்டு துண்டா உதிரும். உதிர்ந்ததை வரிசையா வெச்சுப் பார்த்தா, முதல்ல இருந்தது என்னன்னு தெரிஞ்சிரும்."

அடிபடும் தகடு ஒரே இடத்தில் சூடேறிப் பொத்துப் போகாமலிருக்க, அதைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றவிடுவோம் என்றாயே, அது மட்டும் உடனே புரிந்தது. எங்கள் மிஷினும் சுற்றுகிற மிஷின்தானே.

அடுத்த வாரமே ஊர் முழுக்க முரசறைந்தேன். நீ செய்வதில் கடுகளவை லாரியில் ஏற்றினால் பல்லடம் ரோடு பாதாளத்துக்கு இறங்கிவிடும் என்றேன். உன் ஆய்வுக்கூடத்துக் காந்தத்தைப் போட்டால் உடுமலைக் காற்றாலைகளெல்லாம் சுற்றுவதை நிறுத்திவிட்டு உன் திசையில் கும்பிடும் என்றேன். ஞாயிறுதோறும் நான்தான் ஃபோன் போடுவேன். "ஒட்டுச்சா?" "இல்லே மச்சான்." உன் பங்கு அவ்வளவுதான். மிச்ச அரைமணி நேரமும் நான் புளுகுவேன், நீ சிரிப்பாய்.

அப்புறம் அந்த உடுமலைக் கல்யாணம். பந்தியே கேட்கும்படி நான்தான் ஆரம்பித்தேன். "நம்ம மாப்ளே மிஷின் இத்தனை வருசமா ஓடுது, ஒரு பீஸ்கூடப் பேக்கிங்குக்கு வரலைங்க. நம்ம கம்பெனியா இருந்தா பூட்டிட்டுச் சாவியைக் கெணத்துல போட்டிருப்போம்!" எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது இலையை மடித்துக்கொண்டிருந்தாய், எதிர்ப்பக்கமாக.

கல்யாணத்தில் உறவு வளரட்டும் என்று தன் பக்கமாக மடிப்பார்கள். எழவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம். சித்தப்பா என் காதில், "பார்த்தியா? உன்ற ஒறவே வேண்டாம்னு தள்ளிட்டுப் போறான்" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் ஃபோன் போடவில்லை. முறித்தவன் கூப்பிடட்டும் என்று கொங்குநாட்டுச் சக்கரவர்த்தியாட்டம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடம். நீயும் கூப்பிடவில்லை. கடைசியில் செய்திதான் வந்தது.

அமராவதியில் கரைக்க உன் சாம்பலை உன் மகள் கொண்டுவந்தாள். வெளிநாட்டில் பிறந்தவள், பேச்சு அச்சு அசலாக உன்னுடையது. ஆற்றிலிருந்து வந்து சாப்பிட்டதும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தாள். அன்றைக்கு அதுதான் முறை. ஆனாலும் உடுமலையில் நீ மடித்த இலை கண்முன் வந்தது.

"இப்படி மடிக்கோணும்னு அப்பன் சொன்னானா கண்ணு?"

"ஆமாங்க மாமா. ரசம் மடியில ஊத்தீரும், எப்பவுமே வெளிய தள்ளி மடின்னு சொல்லுவாருங்க. ஏனுங்க, தப்புங்களா?"

ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் தட்டில் தின்று வளர்ந்தவனடா நீ. இலை பேசும் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

"என்மேல கோவமா இருந்தானா சாமி?"

"அப்பாவா? இல்லீங்க மாமா. ஞாயித்துக்கிழமையானா ஃபோனைப் பக்கத்துலயே வெச்சிருப்பாரு. 'மச்சானுக்கு ஆர்டர் நெருக்கடியாட்ட இருக்குது'ம்பாரு."

ஞாயிறுதோறும் கேட்டதையே கேட்டேன். "ஒட்டுச்சா?"

"ஒண்ணே ஒண்ணு வந்துச்சுங்க. அந்த ஞாயித்துக்கிழமை பூராவும் நீங்க கூப்புடுவீங்கன்னு உக்காந்திருந்தாரு. நீங்களே பண்ணுங்கப்பான்னேன். 'மச்சான் கேட்டுச் சொன்னாத்தான் ருசி'ன்னுட்டாரு."

கை கழுவப் போகிறவனைப் போல எழுந்து கொல்லைப்புறம் போனேன். நெடுநேரம் குழாயைத் திறந்தே விட்டிருந்தேன்.

இப்போதெல்லாம் உன்னைப் பற்றி யாரிடமும் புளுகுவதில்லை. ஆறு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, மாப்ளே. உன்மேல் இல்லை என்று ஆகிவிட்டது. எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.