எனக்குத் தந்த உங்கள் மாத்திரை

என் அருமைப் பொய்க்கார மனுஷருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மட்டாஞ்சேரி முழுக்க உங்களை நல்லவர் என்கிறது. எனக்கோ இன்னும் கோபம் ஆறவில்லை.

நெஞ்சுவலி வந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தீர்கள். நடந்தால் இதயம் தாங்காது என்று நானும்தான் பிடித்துப் படுக்க வைத்தேன். எழுந்ததும் முதுகுவலி. டாக்டரிடம் தனியாகப் போய்வந்து என்ன சொன்னீர்கள்?

"உன் முட்டிவலிக்கும் கேட்டேன் பார்வதி. இந்த வெள்ளை மாத்திரை உனக்கு."

குப்பியில் இருந்தது இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது தமிழ். தினமும் நீங்களே எடுத்துத் தந்தீர்கள். என்மேல் எத்தனை அக்கறை என்று பூரித்துப்போய் விழுங்கினேன், மடச்சி!

பிறகு அந்த மழைநாள். படகு ஜெட்டிப் படியில் சும்மா உட்கார்ந்த மாதிரிதான் வழுக்கினீர்கள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்டார்: "படுத்தே கிடந்ததுல எலும்பு தேஞ்சிருக்குன்னு வெள்ளை மாத்திரை கொடுத்தேனே, ஒழுங்கா சாப்பிட்டாரா?" உங்களைக் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

உங்களோடு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிய வர்க்கிச் சேட்டன்தான் பதினாறாம் நாளன்று வந்து அழுதார். "சேச்சி, டாக்டரைக் கண்டுட்டு அவன் கிடங்குக்கு வந்தப்போ, குப்பியைக் கண்டு நான்தான் சிரிச்சது. இது என்டெ அம்மச்சி தின்னுற மருந்தாச்சே, நீயும் பெண்ணாயிட்டியான்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னேன். தமாஷுக்காக்கும் சேச்சி."

அதற்காகவா? அத்தனை மூட்டை சுமந்தவருக்கு நாலு பேர் சிரித்தது தாங்கவில்லையா? தூர எறிந்திருக்கலாமே! எனக்கு ஏன் தந்தீர்கள்? வீணாக்க மனசில்லையா, நிஜமாகவே என் முட்டியை நினைத்தீர்களா? அதையும் சொல்லாமல் போய்விட்டீர்கள். இப்போது வலி தேவலை. வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் யார் கையும் பிடிக்காமல் ஏறுகிறேன். ஏறும்போதெல்லாம் உங்களைத் திட்டுகிறேன்.

ஒரு சேதி. வர்க்கிச் சேட்டனுக்கும் நெஞ்சுவலி வந்து, படுத்து, அதே வெள்ளை மாத்திரை. மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார் என்று அவர் வீட்டுக்காரி சொன்னாள். விடுவேனா? கிடங்கு வாசல் சாயாக்கடையில், எல்லார் முன்னாலும், அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நிற்கிறேன். யாராவது சிரிக்கட்டும், பார்க்கிறேன். உங்கள் முன்னால் இப்படி ஒருநாள் நின்றிருந்தால்?

என் கால் நிற்கும்வரை தினமும் போவேன். இது சத்தியம்.

நீங்கள் தின்ன வேண்டியதைத் தின்று நடமாடுகிற,
உங்கள் பெண்டாட்டி பார்வதி