காலிபர் மாட்டும் நேரம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தனியாகக் குடிவந்த நாலு மாதத்தில் ஒரு தட்டைக்கூட நான் உடைக்கவில்லை.

ஒரு சந்தேகம். பள்ளிக்கூட அகராதி ஒன்றுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். ஃப்ரீடம், இன்டிபென்டன்ஸ் இரண்டுக்கும் ‘சுதந்திரம்’ என்றே போட்டிருக்கிறார்கள். “ரெண்டும் ஒண்ணுதானே, விடும்மா” என்கிறார் எடிட்டர். எனக்கு மனசு ஆறவில்லை. இங்கிலீஷ் டீச்சர் நீ இருக்க நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? சொல்லேன்.

உன் வாலு

ஜூன் 9

அடி வாலு,

எடிட்டர் தலையில் ஒரு குட்டு வை. இன்டிபென்டன்ஸ் என்றால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது. ஃப்ரீடம் என்றால் நினைத்ததைச் செய்ய முடிவது. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வரும். உதாரணம் நீதான். ஒரு கை சரியாக மடங்காதவள், பலமில்லாத காலுக்குத் தானே காலிபர் கம்பி, பட்டையெல்லாம் மாட்டி, ஷூ போட்டு வேலைக்குப் போகிறாயே! அதைப் பழக்க எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு, கை கொடுக்காமல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்!

இப்போது எத்தனை நிமிஷம் ஆகிறது?

அக்கா

ஜூன் 16

அக்கா,

திட்டாமல் படி. நானே மாட்டியபோது ஐம்பது நிமிஷம் ஆனது. இப்போது ஐந்தே நிமிஷம். காலையில் சம்பளத்துக்கு ஒரு அம்மா வந்து மாட்டிவிடுகிறார். மிச்ச நேரத்தில் எதிர்ப் பூங்காவில் போய் உட்காருகிறேன். நேற்று ஒரு பெரியவர் தன் நாயைச் சைக்கிள் கூடையில் உட்காரப் பழக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பயங்கரச் சண்டை.

நீ சொன்ன முதலாவது என்னிடம் இப்போது இல்லை. இரண்டாவது இப்போதுதான் வந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறாய், டீச்சர்?

வாலு

ஜூன் 20

வாலு,

உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருத்தி உனக்கு ஷூ மாட்டவா நான் இத்தனை பாடுபட்டேன்? யாராவது மாட்டித்தான் ஆகவேண்டுமென்றால் நான் என்ன செத்தா போனேன்? ராஜினாமா எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் பெட்டியோடு வந்துவிடுகிறேன். அந்த அம்மாவை நிறுத்து.

அக்கா

ஜூன் 24

அக்கா,

வராதே. அந்த அம்மாவிடம் “இப்ப வேணாம், அப்புறம் வாங்க” என்று சொல்ல முடிகிறது. உன்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? என்னை விட்டுப் போக மனசில்லாமல் இரண்டு தடவை தலைமையாசிரியர் வேலையையே வேண்டாம் என்றவள் நீ. எந்த வாயால் சொல்வேன்?

ராஜினாமாவைக் கிழித்துப் போடு. வேண்டிய மட்டும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாலு

ஜூலை 11

வாலு,

கிழித்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை.

காலையில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. நீ என்னை ஒரு தடவைகூட ‘வா’ என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட நான் எங்கே விட்டேன்? எப்போதும் பக்கத்திலேயே அல்லவா நின்றேன்.

அகராதியில் என்ன போட்டாய்?

அக்கா

ஜூலை 14

அக்கா,

இன்னும் ஒன்றும் போடவில்லை. எடிட்டர் தினமும் கத்துகிறார். கத்தட்டும்.

சனிக்கிழமை வா. மாட்டிவிட ஒன்றுமில்லை, தூக்கிவிட ஒன்றுமில்லை. சும்மா வா.

வாலு