ஸ்டாப் லாஸ் இல்லாமல் ஏறிய கப்பல்

ஏப்ரல் 28, ஞாயிறு

புழுக்கம். குழாயில் தண்ணீர் இன்றும் இல்லை. சரோஜா எங்கள் புரோத்ராபூர் பேட்டை முழுக்கக் குடத்தோடு அலைந்துவிட்டு வந்து என்மேல் பாய்ந்தாள். தண்ணீர் வராததற்கும் புருஷன்தான் பொறுப்பு.

பத்துபஸ்தி வினோத் வந்தான். மூன்றாவது முறை. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியில் கரன்சி டிரேடிங் கணக்கு திறக்க ஆள் பிடிக்கிறான்.

"அண்ணே, ஆயிரம் ரூபா போட்டா அஞ்சு லட்சத்துக்கு டிரேட் பண்ணலாம்ணே. போனஸ் வேற."

"போட்ட காசை எப்படிடா எடுக்கிறது?"

"பெஹலே டெபாசிட் பண்ணுங்கண்ணே. எடுக்கிறதெல்லாம் பாத் மே பாக்கலாம்."

பாத் மே! அப்புறமாம்! டீயை முழுசாகக் குடிக்க விடாமல் அனுப்பிவைத்தேன். யாரிடம் கதை விடுகிறான். பதினெட்டு வருஷ ஸ்டோர் கீப்பர் நான், ஒரு போல்ட் குறைந்ததில்லை.

சென்னையில் ஆபீஸ் உள்ள, அரசுப் பதிவு உள்ள புரோக்கரிடம் திறப்பதாக முடிவு. டாலர்-ரூபாய் மட்டும். என் சேமிப்பு இருபதாயிரம். சட்டம்:

1. ஒரு லாட்டுக்கு மேல் கூடாது. (லாட் = ஆயிரம் டாலர். முழு விலை கட்டவேண்டாம், மார்ஜின் என்கிற முன்பணம் இருந்தால் போதும்.)
2. ஒரு தடவைக்கு ரூ. 400க்கு மேல் நட்டம் கூடாது. அந்த விலை வந்தால் தானாக முடித்துவிடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் கட்டாயம். அன்றன்றைக்குத்தான் செல்லும், தினமும் காலையில் புதிதாகப் போடவேண்டும்.
3. மகள் ரம்யாவின் காலேஜ் பணம் அறுபதாயிரம். தொடவே கூடாது.

மே 30, வியாழன்

தீவில் மழை ஆரம்பம். நெட் காலையில் அரை மணி நேரம் வந்தது, போயிற்று.

இன்றும் ஸ்டாப் லாஸில் அடிபட்டு வெளியே. நான் வெளியே வந்த பத்தாவது நிமிஷம் விலை திரும்பி, நான் நினைத்த இடத்துக்கே போகிறது. பதினைந்து தடவை இப்படி. ஆறாயிரம் காலி. யாரோ உட்கார்ந்து என்னை மட்டும் பார்த்து அடிக்கிற மாதிரி. சனியன்.

வாங்கவேண்டியவை: ரம்யாவுக்குப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, வாந்தி மாத்திரை.

ஜூன் 6, வியாழன்

அறுபதாயிரத்தையும் கணக்கில் போட்டேன். முப்பத்தைந்து லாட் டாலர் விற்றேன். டாலர் இறங்கினால் எனக்கு லாபம், ஏறினால் நட்டம். ரூபாய் இதற்கு மேலுமா விழும்? இரண்டே நாள். ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு வெளியே. ஸ்டாப் லாஸ் போடவில்லை. அதைப் போட்டுத்தானே இத்தனை அடி.

ரம்யாவைச் சென்னைக் காலேஜில் விட்டுவரப் போகும் கப்பல் சனிக்கிழமை. நாளை மாலைக்குள் முடித்துவிடலாம். காலேஜில் புதன்கிழமைக்குள் கட்டவேண்டும். சரோஜாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 7, வெள்ளி. கப்பல், பங்க் கிளாஸ் (அடுக்குப் படுக்கை)

காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கப்பல் இன்றே! மத்தியானமே! யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்? ரேடியோவில் ராத்திரியே சொன்னார்களாம். நாங்கள் என்ன ராத்திரி முழுக்க ரேடியோவைக் கட்டிக்கொண்டா படுப்போம்?

ஹாடோ ஜெட்டி. வரிசை, தள்ளுமுள்ளு, பெட்டி சோதனை. நெட் செத்துக் கிடக்கிறது. பத்து மணிக்கு புரோக்கர் ஆபீசுக்கு போன் கிடைத்தது.

"சார், எட்டாயிரம் லாஸ்ல இருக்கு. குளோஸ் பண்ணிடவா?"

"வேணாம், திரும்பும். பன்னெண்டு மணிக்கு நானே கூப்பிடறேன்."

பன்னிரண்டு மணிக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பெட்டி, பிறகு பங்க் தேடல். லைட் ஹவுஸ் தாண்டியபோதுதான் போனை எடுத்தேன். டவர் இல்லை. சென்னை வரும்வரை மூன்று நாள் இல்லை. இது தெரியாதா எனக்கு? எத்தனை தடவை இந்தக் கப்பலில் போயிருக்கிறேன். புத்தி கெட்ட முண்டம்.

ஜூன் 8, சனி

கடல் மோசம். ரம்யா மூன்று முறை வாந்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று மாலை என்ன விலையில் முடிந்ததோ. இன்றும் நாளையும் மார்க்கெட் லீவு, அது ஒன்றுதான் நிம்மதி.

ரேடியோ ரூமுக்குப் போய்க் கெஞ்சினேன், கப்பல் போனில் ஒரே ஒரு கால்.

"எமர்ஜென்சி கே லியே ஹை. கோயி பீமார் ஹை க்யா?"

யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, டாலர் என்றேன். அந்த ஆள் சிரித்தே விட்டான். அறையலாம் போல இருந்தது. அவனை அறைந்து என்ன செய்ய.

ஜூன் 9, ஞாயிறு

"யாரு பீமார்ப்பா? ரேடியோ ரூமுக்குப் போனீங்களாமே, கீழ் பங்க் ஆன்ட்டி சொன்னாங்க."

ரம்யாவிடம் டெக்கில் வைத்துச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கச்சால் தீவில் சுனாமி அலை வீட்டைக் கொண்டுபோனபோது இவள் ஒன்பது வயதுக் குழந்தை. அன்றைக்குத் திட்ட ஆள் இல்லாமல் தவித்தேன். இன்றைக்கு ஆள் இருக்கிறது, நானே.

"மொத்தமுமா போட்டீங்க?" ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மொத்தமும்."

திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து டெக்கில். ஒன்பது மணிக்கு மார்க்கெட் திறந்திருக்கும். கரை தெரியவில்லை. பக்கத்தில் ஒரு காண்டிராக்டர் சிமெண்ட் விலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். வாயை மூடுங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், வயசானவர்.

மதியம் இரண்டு. டவர். போன் கையிலேயே துள்ளியது. வெள்ளிக்கிழமை இரண்டு மெசேஜ், இன்று ஐந்து. மார்ஜின் போதவில்லை, உடனே பணம் கட்டவும். கட்டவும். கட்டவும். கடைசியில்: பணம் வராததால் காலை பத்து இருபதுக்கு நாங்களே முடித்துவிட்டோம்.

எழுபத்து நாலாயிரத்தில் மீதி இருபத்தோராயிரத்து ஐந்நூறு.

எட்டாயிரத்தோடு போயிருக்கும். அந்தப் பையன் கேட்டான், குளோஸ் பண்ணிடவா என்று. நானே வேண்டாமென்றேன். நானே!

சரோஜா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை.

சென்னைத் துறைமுகம். எல்லாரும் இறங்குகிறார்கள். ரம்யா பெட்டிமேல் உட்கார்ந்து மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை.

"அப்பா, ரிட்டர்ன் டிக்கெட் உங்களுக்கு மட்டும்தானே எடுத்தீங்க? எனக்கும் ஒண்ணு எடுக்கணுமா?"