சுருவில் வீட்டின் உள்ளறைக் கதவு

நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச்செலவுச் சடங்கு அன்று, உன் அம்மா என்னைச் சமையல் நடந்த குசினிப் பக்கம் கூப்பிட்டு, "அவள் எந்தக் கதவைச் சொன்னவள், பிள்ளை?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நான் சொல்லவில்லை.

பகடைகள் கிடக்கும் பழைய பால்மா ரின், அந்தத் தகரப் பேணி, இப்போது என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் பால்மா வாசம்தான். அந்த வாசத்தோடு உன் குரலும் வருகிறது: "திறக்கப் போறியளோ, இல்லையோ?"

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உனக்கும் எனக்கும் பேய்க்கதை பிடிக்கும். வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஒரே நாவலை இருவரும் பிடித்துக்கொண்டு வாசிப்போம். நீ பக்கத்தை முடித்துவிட்டு, நான் எந்த வரியில் பயப்படுகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். படங்களும் அப்படித்தான், மத்தியானத்தில் யன்னல்களைச் சாத்திவிட்டு உன் மடிக்கணினியில் பார்ப்போம். பேய் வந்ததும் நீ சிரிப்பாய். "வந்திட்டுதெண்டால் பிறகென்னடி? வாறதுக்கு முதல் ஒரு சத்தம் வருமெல்லே, அதுதான் பயம்."

ஒருநாள் உன் அண்ணை கேட்டார், "எங்கடை சனம் பட்ட பயம் காணாதெண்டே நீங்கள் இன்னும் தேடுறியள்?" நீ கையிலிருந்த புத்தகத்தைப் பட்டென்று மூடிக் காட்டினாய். "அண்ணை, இதை மூடலாம்." அடுத்த வாரம் அவரே எங்கள் கதை விளையாட்டுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த விளையாட்டை நீ இணையத்தில் கண்டெடுத்தாய். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நடப்பார்கள். செய்ய நினைத்தது சரிவருமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். மூலக்கதையில் இருந்த பனிமலை மாளிகையை நீ தூக்கி எறிந்தாய். "எனக்கே பனியெண்டால் என்னெண்டு தெரியாது, உங்களை எப்பிடி நடுங்க வைக்கிறது?" என்றாய். அதற்குப் பதிலாக, சுருவில் என்ற எங்கள் பக்கத்து ஊரின் கடற்கரையில் ஒரு சுண்ணாம்புக்கல் வீட்டைக் கதையில் கட்டினாய். உப்புக்காற்று தின்ற தூண்கள். வற்றிய கிணற்றுக்குள் வாளி விழும் சத்தம். அண்ணை அங்கே கூரை திருத்த வந்த மேசன். நான் காணி அளக்க வந்தவள்.

கடைசி ஞாயிறு பின்னேரம் நாங்கள் உள்ளறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றோம். உள்ளே யாரோ கதிரையை இழுக்கும் சத்தம். நீ உன் வழக்கமான கேள்வியைக் கேட்டாய். நாங்கள் இழுத்தடித்தோம். "நான் கூரைக்கு வந்தனான், கதவுக்கில்லை," என்றார் அண்ணை. நீ பகடையை ரின்னுக்குள் போட்டு மூடினாய்.

"சரி, அடுத்த ஞாயிறு வரைக்கும் உதிலையே நில்லுங்கோ."

அடுத்த ஞாயிறு நீ யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலோடு கிடந்தாய். அந்த வாரம் முடியுமுன் நீ இல்லை.

காய்ச்சல் கூடி நினைவு தடுமாறிய நேரத்தில் உன் அம்மாவைப் பார்த்து, "திறக்கப் போறியளோ, இல்லையோ?" என்று கேட்டிருக்கிறாய். அம்மா எழுந்துபோய் வார்ட்டின் கதவைத் திறந்துவிட்டார். நீ மறுபடியும் கேட்டாய். அங்கே திறப்பதற்கு வேறு கதவு இருக்கவில்லை.

இதைத்தான் குசினியில் என்னிடம் சொன்னார். உன்னைக் கூட்டிப்போக வந்த ஏதோ ஒன்று வெளியே நின்றதென்று அவர் நம்பினார். "உந்தப் பேய்ப் புத்தகங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தொண்டிலை அந்தியேட்டி முடிய எல்லாத்தையும் கொளுத்திப்போடுவன்." சுற்றிவர உறவுக்காரர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். உனக்குப் பிடித்த பலகாரங்கள் படையலுக்கு ஆறிக்கொண்டிருந்தன. அவ்வளவு பேருக்கு நடுவே 'விளையாட்டு' என்ற சொல் என் வாய்க்கு வரவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் பேசாவிட்டால் புத்தகங்கள் எரியும். அதைவிட, உன் அம்மா மிச்சக் காலம் முழுவதும் தன்னால் திறக்க முடியாமற்போன கதவு ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பார். அப்படி நடக்க நான் விடப்போவதில்லை என்று தீர்மானித்தேன்.

அந்தியேட்டிக்கு அடுத்த நாள் பின்னேரம் போனேன். புத்தகங்கள் கிணற்றடியில் உரப்பைக்குள் கட்டிக் கிடந்தன. அண்ணையிடம் ரின்னைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்தேன்.

"அன்ரி, அவள் சொன்ன கதவு எனக்குத் தெரியும். இருங்கோ, காட்டுறன்."

அம்மா பகடைகளைப் பார்த்தார். "எனக்கு உது ஏலாது, பிள்ளை."

"ஏலும். நீங்கள் என்ன செய்வியளெண்டு சொன்னால் காணும்."

அண்ணை வந்து தன் கதிரையில் இருந்தார். நான் உன் இடத்தில் இருந்தேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் நான் என்பது உனக்குத் தெரியும். அன்று தூண்களைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், வாளி விழும் சத்தத்தைச் சொன்னேன்.

அம்மா இடைமறித்தார். "கிணறு வத்தினதெண்டால் வாளியை ஏன் விட்டவை?"

"அம்மா, அதை நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார் அண்ணை.

உள்ளறைக்கு வந்தோம். கதிரை இழுபடும் சத்தத்தைச் சொன்னேன். பிறகு உன் கேள்வியை, நீ கேட்கும் விதமாகவே கேட்டேன்.

அம்மாவின் முகம் மாறியது. "இதையோ கேட்டவள்?"

"ஓம் அன்ரி. எங்களைத்தான் கேட்டவள். நாங்கள்தான் திறக்கேல்லை."

அவர் பகடையைத் தொடவில்லை. விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினார்.

"ஆரது உள்ளுக்கை? சாப்பிட்டியே?"

நாங்கள் வாசித்த எந்தக் கதையிலும் எவரும் இதைக் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் யார் இருந்ததென்று நீ யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவுமில்லை. இனி நான்தான் சொல்லவேண்டும் என்று விளங்கியது. பகடையை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

அம்மா உருட்டினார். கதவு திறந்தது. உரப்பையை அண்ணை அன்றே அவிழ்த்தார். புத்தகங்கள் உன் அலுமாரியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரின்னைக் கொண்டுபோய்க் கதை சொல்வது இப்போது நான். அந்த வீட்டில் ஒரு கதவு வந்தால் முதலில் தட்டுவது உன் அம்மா.