வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னார்கள்

ஆவடி
ஜூலை 6

அன்புள்ள இஃபத்,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. போலீஸ் வாங்கி வைத்திருக்கிறதா, இல்லை என் பெயரைப் பார்த்து நீயே எடுக்கவில்லையா என்று புரியாமல் கடைசியில் பேனாவை எடுத்துவிட்டேன். காலேஜில் ரெக்கார்டு நோட்டையே உன்னைப் பார்த்து எழுதியவள் நான். தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

தம்பி காலித்துக்குக் கை எப்படி இருக்கிறது? கட்டோடு அவன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற படத்தை யாரோ ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். என் குட்டி பிரியா பார்த்துவிட்டு "காலித்துக்கு உவ்வா" என்று போனைத் தடவிக்கொடுத்தாள். அவள் பிறந்தநாளுக்கு பிரியாணி தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தானே, என் வீட்டுக்காரரை "மாமா, இன்னும் ஒரு பீஸ் மாமா" என்று துரத்தித் துரத்திப் பரிமாறினானே, அதுதான் கண்ணில் நிற்கிறது. ஏரியில் லாரி லாரியாக இடிபாடு கொட்டுவதை அவன் வீடியோ எடுத்தது தப்பென்று சொல்ல மாட்டேன். கவுன்சிலர் பெயரையும் சேர்த்துப் போட்டானே, அதுதான் வினையாகிவிட்டது.

நீ தப்பாக நினைக்கக்கூடாது, அதற்குத்தான் எழுதுகிறேன். அவனை அழைத்துப்போனது என் வீட்டுக்காரருடைய ஸ்டேஷன் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு அங்கே இல்லை. கோயில் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். காலித் பாத்ரூமில் வழுக்கி விழுந்துதான் கை முறிந்ததாம். வேறு மாதிரி யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானித்துக் கேள்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் வேலை பார்க்கும் முகப்பேர் ஸ்கூல் முகவரிக்கே போடு. வீட்டுக்கு வருகிற தபாலை அவர்தான் முதலில் பிரிப்பார். அம்மாவுக்கு என் சலாம்.

உன்
தீபிகா


பூந்தமல்லி
ஜூலை 13

தீபிகா,

கடிதம் வந்தது. காலித்தின் போனோடு என்னுடையதையும் போலீஸ் வாங்கிப்போனது. அவன் ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். வலது கைக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். ஏசி மெக்கானிக்குக் கை போனால் என்ன என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை.

இதை எழுதச் சொன்னது நீயா, உன் வீட்டுக்காரரா? கேட்கக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் இங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் டீ குடித்தார்கள்.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று உனக்கு யார் சொன்னது? எஃப்.ஐ.ஆரில் அப்படி இல்லை. பேப்பரிலும் இல்லை. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தான் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார்கள். சட்டசபையில் அமைச்சர் எழுந்து வாசித்ததும் அதே பாலம்தான். அந்த ஸ்டேஷன் பாத்ரூமை அப்போது இடித்துப்போட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது, அவனைத் தேடிப் போனபோது நானே பார்த்தேன். வழுக்கி விழ அங்கே இடமே கிடையாது. முதலில் வழக்கம்போல பாத்ரூம் என்று பேசி வைத்து, அப்புறம் யாருக்கோ டைல்ஸ் ஞாபகம் வந்து பாலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போதுதான் எனக்கு அது புரிகிறது, உன் கடிதத்தைப் படித்த பிறகு.

மாற்றுவதற்கு முன்னால் இருந்த பொய் வெளியே யாருக்கும் தெரியாது. பந்தோபஸ்தில் இருந்தவருக்கு எப்படித் தெரிந்தது?

அம்மா உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்கள். அவர்களிடம் நான் எதையும் சொல்லவில்லை.

இஃபத்


ஆவடி
ஜூலை 20

அன்புள்ள இஃபத் (நீ அன்பைப் போடாமல் விட்டாலும்),

ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாயே. ஸ்டேஷனுக்குள் போய்க் கை முறிந்து வந்தவர்களில் பாத்ரூமில் விழாதவர் யார்? டீக்கடையில்கூட அதைச் சொல்லித்தானே சிரிக்கிறார்கள். எனக்கும் அப்படியே வந்திருக்கும். என் கடிதத்தை உங்கள் வக்கீலிடம் காட்டினாயா? உன்னை எனக்குத் தெரியும். அவரைத் தெரியாது. எங்கள் குடும்பம் முழுக்க ஒரு சம்பளத்தில் நிற்கவில்லைதான், ஆனால் என் வீட்டுக்காரரின் நல்ல பெயரில் நிற்கிறது.

நேற்று அவர் சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தேன். "பாத்ரூம்னு சொன்னீங்களே, பேப்பர்ல பாலம்னு போட்டிருக்கே?"

"பாத்ரூம்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"இன்னாத்துக்கு இப்ப நோண்டிக்கினு கீற? இஃபத் எதுனா கேட்டாளா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு என் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். என் பூபாலன் அப்படிப்பட்டவர் இல்லை, இஃபத். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு நான் எழுதிய லெட்டரைக்கூட என்னைப் படிக்கச் சொல்லித்தான் கேட்பார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பிரியா மத்தியானம் பொம்மையின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு "வழுக்கி விழு, வழுக்கி விழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கே கத்துக்கிட்டே என்றேன். "அப்பா போன்ல சொல்லிச்சு" என்றாள். காலித் விஷயம் நடந்த ராத்திரி பால்கனியில் நின்று "சரிங்கய்யா, பாத்ரூம்ங்கய்யா, வழுக்கிங்கய்யா" என்று அவர் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது எனக்கும் அப்போதுதான் காதில் திரும்பி வந்தது.

என் முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தீபிகா


பூந்தமல்லி
ஜூலை 28

தீபிகா,

உன் கடிதம் இத்துடன் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. வக்கீல் தாட்சாயிணி மேடத்திடம் காட்டவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

பேப்பர் பார்த்திருப்பாய். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரிக்கப் போகிறாராம். இனிமேல் போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரிக்காது, சட்டமே மாறப்போகிறது என்று அமைச்சர் சொல்கிறார். பாலத்தை வாசித்த அதே வாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குள் இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டேஷன் கேமராவில் அன்றைய பதிவு மட்டும் இல்லையாம். கவுன்சிலர் போன ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாமைத் தொடங்கி வைத்தார். உள்ளே இருந்தவர் ஒருவராவது வாய் திறக்காவிட்டால் நீதிபதியும் அந்தப் பாலத்தின் மேலேறித்தான் போக வேண்டும் என்கிறார் மேடம்.

காலித் இப்போதுதான் கொஞ்சம் பேசுகிறான். கண்ணைக் கட்டியிருந்தார்களாம். அடிக்கும்போது ஒரு குரல் தெரிந்த குரலாக இருந்ததாம். இவன் "மாமா" என்று கூப்பிட்டிருக்கிறான். மற்றவர்களுக்கு என்ன தெரியும்? ரோட்டில் பசங்கள் போலீஸைக் கிண்டலாக மாமா என்பார்களே, அப்படி நினைத்துவிட்டார்கள். "இன்னாடா, லாக்கப்ல வந்து மாமான்றியா, அவ்ளோ கொழுப்பா?" என்று கேட்டார்களாம். கை உடைந்தது அதற்கப்புறம்தான். அந்தத் தெரிந்த குரல் மறுபடி வரவே இல்லையாம்.

யார்டா அது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரியா தெர்லக்கா. தீபிக்காவ எதுவும் கேக்காத" என்றான்.

நான் உன் பெயரை எடுக்கவே இல்லை, தீபி.

இஃபத்


ஆவடி
ஆகஸ்ட் 5

அன்புள்ள இஃபத்,

முந்தாநாள் பிரியா நிஜமாகவே பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். சோப்புத் தண்ணி. மோவாய் கிழிந்து ஒரே ரத்தம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து முகப்பேர் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நர்ஸம்மா பஞ்சால் துடைத்துக்கொண்டே "எப்டிம்மா ஆச்சு?" என்றார். நான் பூபாலனைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சொல்ல வேண்டியது உண்மை, இஃபத். பச்சை உண்மை. எங்கள் இரண்டு பேராலும் அதைச் சொல்ல முடியவில்லை.

நர்ஸம்மா முகம் மாறிவிட்டது. "கொயந்தைய யார்னா அடிச்சீங்களா?"

பிரியாதான் அழுதுகொண்டே "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். நர்ஸம்மா நம்பவில்லை. "நல்லா சொல்லிக் குடுத்து இட்டாந்துகிறாங்க" என்று உள்ளே யாரிடமோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

தையல் போட்டு வெளியே வந்ததும் அவர் பைக்கை எடுக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். "காலித் உங்கள மாமான்னு கூப்டானா?" என்று கேட்டேன். யார் சொன்னது என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நான் அடிக்கல தீபி. காலத்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"மாமான்னான். பேசுனா நான்தான்னு தெரிஞ்சிரும்னு கம்முனு இருந்துட்டேன். இன்ஸ்பெக்டர் போன ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தாரு. கவுன்சிலரு அந்தப் பக்கம் கேட்டுக்கினே இருந்தான்."

என் தோளில் பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலை நான் பிடித்திருந்ததைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன்.

நீதிபதியிடம் இதைச் சொல்வீர்களா என்றேன். "சொன்னா என் தலைல கட்டிட்டு மேல இருக்கவன்லாம் பூடுவான்" என்று அழுதார். அது நடக்கலாம். இந்த விசாரணையை நீயும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அவர் அழுததில் எவ்வளவு காலித்துக்காக, எவ்வளவு தனக்காக என்றும் எனக்குத் தெரியவில்லை. இனிமேல் அவர் சொல்லும் எதையும் இரண்டு தடவை கேட்பேன் போலிருக்கிறது.

நீ திருப்பி அனுப்பிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது தேவையில்லை. விசாரணைக்கு எங்கே, என்றைக்கு வர வேண்டும் என்று மேடத்திடம் கேட்டு எழுது. பால்கனியில் என் காதில் விழுந்ததை நானே வந்து சொல்கிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். கூட வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. இப்போது எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்க எனக்கு இன்னும் முகமில்லை. அம்மாவுக்கு சலாம் சொல்லலாமா என்று தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள். காலித்திடம் மட்டும் சொல், தீபிக்காவைக் கேட்கலாம் என்று.

பதிலை இந்த முறை வீட்டுக்கே போடு. அவரே பிரிக்கட்டும்.

தீபிகா